ரெப்போ ரேட்டுக்கும் நம் சாப்பாட்டுத் தட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ரிசர்வ் வங்கி வட்டி அறிவிப்பு வெளியிடும் நாளில் இரண்டு விதமான பேச்சு கண்டிப்பாகக் காதில் விழும். ஒன்று, "வட்டியை ஏத்திட்டாங்க, இனி தக்காளி விலை இறங்கிரும்." இன்னொன்று, "நோட்டை அடிச்சு விட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் சாப்பாடெல்லாம் கலப்படம், வீட்டுக்கு ஒரு சுகர் பேஷண்ட்." முதலாவது டீக்கடையில் கேட்பது, இரண்டாவது வாட்ஸ்அப்பில் ஆச்சரியக்குறிகளோடு வருவது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்கிற விதத்தில் இரண்டுமே தப்பு. வட்டிக்கும் தட்டில் விழும் உணவின் தரத்துக்கும் தொடர்பு நிச்சயம் உண்டு. அது நேராக வருவதில்லை, இரண்டு மூன்று கை மாறித்தான் வருகிறது. எந்தக் கை எது என்று தெரிந்துகொண்டால் யாரைத் திட்டுவது என்பதிலாவது ஒரு தெளிவு வரும்.

பொருளாதாரம் படிக்காதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் நீலகிரி, ஏனென்றால் நான் மளிகை வாங்குவதும் மருந்து வாங்குவதும் இங்கேதான்.

பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம்

பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வந்தால் "எங்கே குறைஞ்சுது, கடையில அதே விலைதானே" என்று எரிச்சல் படாதவர்கள் குறைவு. எரிச்சல் நியாயம்தான், ஆனால் செய்தியும் பொய் இல்லை. போன வருஷம் 100 ரூபாய்க்கு வாங்கிய மளிகை இந்த வருஷம் 110 ரூபாய் என்றால் பணவீக்கம் 10 சதவீதம். அடுத்த வருஷம் அதே மளிகை 114 ரூபாய் ஆனால் பணவீக்கம் சுமார் 3.6 சதவீதம். வேகம் பத்திலிருந்து நாலுக்கும் கீழே வந்துவிட்டது, நாம் கட்டுகிற பில்லோ 114. ஆக, ஒரு வருஷத்தில் பொதுவான விலைமட்டம் எத்தனை சதவீதம் ஏறியது என்பதுதான் பணவீக்கம். அது இறங்கினால் இனிமேல் ஏறுவது மெதுவாகும், ஏற்கெனவே ஏறினது அப்படியே நிற்கும்.

அந்தச் சதவீதத்தை எடுப்பது நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் இருந்து. அரிசி, பால், வாடகை, பஸ் கட்டணம், மருந்து என்று ஒரு சராசரிக் குடும்பம் எதற்கெல்லாம் செலவழிக்கிறதோ அதற்கு ஒரு பட்டியல் போட்டு, செலவில் ஒவ்வொன்றும் பிடிக்கிற பங்குக்கு ஏற்ப எடை கொடுத்து, மாதாமாதம் விலை விசாரித்துக் கணக்கிடும் எண் அது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 2025 வரை இருந்த வரிசையில் உணவும் பானங்களும் மட்டும் சுமார் 46 சதவீதம். கிராமங்களுக்குத் தனியாக எடுத்தால் 54. அமெரிக்காவின் குறியீட்டெண்ணில் உணவின் பங்கு 15-க்கும் கீழே. அதனால்தான் அங்கே பணவீக்கம் என்றதும் வீட்டு வாடகை பற்றிப் பேசுகிறார்கள், இங்கே வெங்காயம் பற்றிப் பேசுகிறோம்.

தொழிலாளர்களுக்கென்று தனியாக இன்னொரு குறியீட்டெண் உண்டு, பஞ்சப்படிக் கணக்குக்கு எடுப்பது அதுதான். அதற்காக நாடு முழுக்க விலை விசாரிக்கும் 88 மையங்களில் நம் குன்னூரும் ஒன்று. குன்னூர் மார்க்கெட்டில் பருப்பு என்ன விலை என்பது அகில இந்தியக் கணக்கில் ஒரு புள்ளி. இங்கேயே பல பேருக்கு இது தெரியாது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பணவீக்கம் வேகம், குறியீட்டெண் அதை அளக்கும் கருவி, நம் நாட்டில் அந்தக் கருவியில் பெரும் பங்கு சோறும் குழம்பும்.

ரிசர்வ் வங்கியின் கையில் இருப்பது ஒரு கியர்

வங்கிகளுக்குக் கொஞ்ச நாளைக்குப் பணம் தேவைப்பட்டால் அரசுப் பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும். அந்தக் கடனுக்கான வட்டிதான் ரெப்போ ரேட். நாட்டில் கடன் எவ்வளவு மலிவாக, எவ்வளவு தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எடுக்கும் முடிவுகளை மொத்தமாகப் பணக்கொள்கை என்கிறோம். 2016-ல் சட்டத்தைத் திருத்தி இதற்கென்று ஆறு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள், மூன்று பேர் ரிசர்வ் வங்கிக்காரர்கள், மூன்று பேர் மத்திய அரசு நியமிப்பவர்கள். பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும், 2-க்குக் கீழேயும் 6-க்கு மேலேயும் போகக்கூடாது என்பது அவர்களுக்குக் கொடுத்த வேலை.

நோட்டு அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. நாட்டில் இருக்கும் மொத்தப் பணத்தில் அச்சடித்த நோட்டு சிறு பங்குதான். மீதி வங்கிக் கணக்குகளில் எண்ணாக இருப்பது. வங்கி கடன் கொடுக்கும்போதெல்லாம் அந்த எண் கூடுகிறது, கடன் திரும்பும்போது குறைகிறது. அதனால் பணம் பெருகுவதைக் கட்டுப்படுத்த நினைக்கிற ரிசர்வ் வங்கி அச்சகத்தைப் பூட்டுவதில்லை, கடனின் விலையை மாற்றுகிறது.

கல்லட்டிப் பாதையில் மசினகுடிக்கு இறங்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 36 கொண்டை ஊசி வளைவு, இரண்டாம் கியரில் இறங்கு என்று வழி முழுக்க எழுதி வைத்திருப்பார்கள். கியரைக் குறைத்தால் வண்டி மொத்தமும் வேகம் குறையும், ஆனால் உடனே குறையாது, கொஞ்ச தூரம் போய்த்தான் பிடிக்கும். ஒரு சக்கரத்தை மட்டும் மெதுவாக்க முடியாது. அப்புறம் முக்கியமானது, வழியில் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தால் எந்தக் கியர் போட்டாலும் மண் நகராது. அதற்கு ஜே.சி.பி. வர வேண்டும். ரெப்போ ரேட் அந்தக் கியர். எல்லாரும் கடன் வாங்கிச் செலவு செய்து அதனால் விலை ஏறுகிறது என்றால் கியர் வேலை செய்யும். மழை பெய்து தக்காளி அழுகி அதனால் விலை ஏறினால் அது மண்சரிவு.

இது வெறும் உவமை இல்லை, 2023-ல் கண் முன்னால் நடந்தது. 2022-ல் தொடர்ந்து மூன்று காலாண்டு பணவீக்கம் 6 சதவீதத்துக்கு மேலேயே நின்றதால், ஏன் இப்படி ஆனது என்று ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு விளக்க அறிக்கை கொடுக்க வேண்டி வந்தது. 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ ரேட்டை 2023 பிப்ரவரிக்குள் 6.5-க்கு ஏற்றினார்கள். அவ்வளவு ஏற்றியும் 2023 ஜூலையில் பணவீக்கம் 7.44-க்குத் தாவியது. காய்கறி மட்டும் முந்தைய வருஷத்தைவிட 37 சதவீதம் அதிகம். தக்காளி விலை ஏறிய ஏற்றத்தில் தமிழக அரசு ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்ற மாதம் அது. செப்டம்பரில் பணவீக்கம் 5.02-க்கு இறங்கிவிட்டது. நடுவில் ரெப்போ ரேட் துளிகூட அசையவில்லை, 6.5-லேயே இருந்தது. அடுத்த மகசூல் மண்டிக்கு வந்தது, அவ்வளவுதான்.

சரி, தக்காளிக்கு உதவாத வட்டியை எதற்கு ஏற்ற வேண்டும்? தக்காளியோடு நின்றுவிடாமல் இருக்கத்தான். சாப்பாட்டுச் செலவு கூடினால் கூலி கூடுதலாகக் கேட்பார்கள், கூலி கூடினால் ஓட்டலில் தோசை விலை ஏறும், ஆட்டோக்காரர் ஏற்றுவார், "எப்படியும் எல்லாம் ஏறத்தானே போகுது" என்ற நினைப்பு வந்துவிட்டால் தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லாரும் ஏற்றுவார்கள். அந்தத் தொடரை அறுப்பதுதான் வட்டியின் வேலை. உணவு விலையைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டு மீதிக்கு மட்டும் இலக்கு வைக்கலாம் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை யோசனை சொன்னது. கியரால் மண்ணை நகர்த்த முடியாது என்ற அளவில் அந்த வாதம் சரி. ஆனால் வீட்டுச் செலவில் ஏறக்குறைய பாதி சாப்பாடாக இருக்கும் நாட்டில் சாப்பாட்டைக் கழித்துவிட்டு விலைவாசி கட்டுக்குள் இருக்கிறது என்று அறிவித்தால் யார் நம்புவார்கள் என்பது என் சந்தேகம்.

சுருக்கமாக: ரெப்போ ரேட் தக்காளியை மலிவாக்காது, தக்காளி விலை மற்ற எல்லாவற்றுக்கும் தொற்றுவதைத் தடுக்கப் பார்க்கும்.

வட்டி வீட்டுக்குள் வரும் வழி

இனிதான் தட்டுக்கு வருகிறோம். 2019 அக்டோபரில் இருந்து வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவோடு கட்டியாக வேண்டும். அதற்கு முன்னால் ரிசர்வ் வங்கி ஏற்றினாலும் இறக்கினாலும் வங்கி தன் இஷ்டத்துக்கு இழுத்தடிக்கும். இப்போது சில மாதத்தில் நம் கணக்குக்கு வந்துவிடும். 20 லட்சம் ரூபாய், 20 வருஷக் கடன் என்றால் 7 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். 2022-23-ல் ரெப்போ ஏறிய அதே இரண்டரைப் புள்ளியைச் சேர்த்து 9.5 ஆக்கினால் சுமார் 18,640. மாதம் 3,100 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். பல வங்கிகள் தவணையைத் தொடாமல் வருஷத்தை நீட்டிவிடும், அப்போது இன்று வலிக்காது, ரிடையர் ஆன பிறகு வலிக்கும்.

விவசாயிக்கு வேறு கதை. தமிழ்நாட்டில் கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனை ஒழுங்காகக் கட்டினால் வட்டியே இல்லை, ஆகவே ரெப்போ ஏறினாலும் அந்தக் கடன் ஏறாது. ஆனால் கேத்தி பாலாடாப் பக்கம் கேரட் போடுகிறவர் எல்லாச் செலவையும் சங்கக் கடனில் முடித்துவிடுவதில்லை. நகை அடகு, மண்டிக்காரர் கொடுக்கும் முன்பணம், மகளிர் குழுக் கடன் என்று போகும். மண்டிக்காரர் தன் வியாபாரத்துக்கு வங்கியில் வாங்கும் கடனுக்கு வட்டி ஏறினால் அதை விலையிலோ கமிஷனிலோ எடுத்துக்கொள்வார், தன் பையிலிருந்து போடமாட்டார்.

இப்போது அந்த 3,100 ரூபாயை எங்கே மிச்சம் பிடிப்பது? வாடகை, தவணை, ஸ்கூல் ஃபீஸ், கேஸ், கரண்ட் எதையும் குறைக்க முடியாது. குறைக்க முடிகிறது மளிகையிலும் காய்கறியிலும்தான். ஆனால் அங்கேயும் யாரும் அளவைக் குறைக்க மாட்டார்கள், வயிறு கேட்காது. மளிகை லிஸ்ட்டில் முதலில் அடிபடுவது பழமும் முந்திரி பாதாமும். அடுத்து வாரம் இரண்டு முறை வாங்கிய மீன் ஒரு முறை ஆகும். முட்டை டஜன் கணக்கில் இருந்து ஆறு ஆகும். பருப்பு அதே கால் கிலோதான், ஆனால் மூன்று வேளைக்கு வரும், சாம்பார் ரசமாகும். கடலை எண்ணெய் இருந்த இடத்தில் பாமாயில் பாக்கெட் வரும். பால் அரை லிட்டர் குறையும், டீ குறையாது, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகும். அரிசி மட்டும் குறையவே குறையாது, கூடத்தான் செய்யும். தட்டு முன்னைவிட நிறைந்துதான் இருக்கும், அதில் இருப்பது மாறியிருக்கும். பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது அம்மாதான் என்பதால் இருக்கிற முட்டை யாருக்குப் போய்ச் சேராது என்றும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா வீட்டிலும் இதே வரிசை என்று சொல்லமாட்டேன். ஆனால் மளிகைக் கடைக்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், நோட்டைப் பார்க்காமலே வரிசை சொல்வார்.

ரூபாய் வழியாக வருவது

இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம், பாதிப்பு என்னவோ பெரிது. இந்தியா சாப்பிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பங்கு பாமாயில், முக்கியமாக இந்தோனேசியா, மலேசியாவில் இருந்து. வாங்குவது டாலரில். ஒரு டன் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலர் 75 ரூபாயாக இருக்கும்போது கிலோ 75 ரூபாய். 90 ரூபாயாகும்போது கிலோ 90. அங்கே விலை ஒரு சென்ட்கூட ஏறவில்லை, இங்கே கிலோவுக்கு 15 ரூபாய் ஏறிவிட்டது. இது கற்பனைக் கணக்கில்லை: 2022 தொடக்கத்தில் டாலர் 74, 75 ரூபாயில் இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. பாமாயில் விலைதான் டன்னுக்கு 1,000 டாலரில் நிற்காமல் ஏறி இறங்கும்.

டாலர் ஏன் ஏறுகிறது என்பதற்குப் பல காரணம் உண்டு, அதில் ஒன்று வட்டி. 2022 மார்ச்சில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்த அமெரிக்க வட்டியை அங்குள்ள மத்திய வங்கி 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. பணம் அதிக வட்டி கிடைக்கும் இடத்துக்குப் போகும், போகும்போது ரூபாயை விற்று டாலர் வாங்கிக்கொண்டு போகும். அதைச் சமாளிக்க நம் ரிசர்வ் வங்கி வட்டியையும் பார்க்க வேண்டும், கையிருப்பு டாலரையும் விற்க வேண்டும். ஆக வாஷிங்டனில் எடுத்த முடிவு கோத்தகிரியில் பஜ்ஜிச் சட்டிக்கு வந்துவிடுகிறது.

எண்ணெய் மட்டுமில்லை. பொட்டாஷ் உரம் கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதி, டி.ஏ.பி.யிலும் பெரும்பகுதி. யூரியா மூட்டை விலையை அரசு மானியம் கொடுத்துப் பிடித்து வைத்திருப்பதால் விவசாயிக்கு அது உறைப்பதில்லை. டீசலும் டாலரில் வாங்கும் கச்சா எண்ணெய்தான். மலையில் இருப்பவர்களுக்கு இது இரட்டை அடி. இங்கே விளையும் கேரட்டும் முட்டைகோசும் கீழே இறங்குகின்றன, அரிசி, பருப்பு, எண்ணெய், நாமக்கல் முட்டை எல்லாம் லாரியில் மேலே ஏறுகின்றன. கேரட் நம் தோட்டத்திலேயே விளைந்தாலும் விலை மேட்டுப்பாளையம் மண்டியில் முடிவாகித் திரும்பி வருகிறது.

விலையை ஏற்றாமல் தரத்தை இறக்குவது

விற்கிறவருக்குச் செலவு கூடினால் மூன்று வழி: விலையை ஏற்றலாம், அளவைக் குறைக்கலாம், உள்ளே போடும் பொருளை மாற்றலாம். 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பல வருஷமாக 5 ரூபாய்தான், உள்ளே இருக்கும் கிராம்தான் இளைத்துக்கொண்டே போகிறது. இதை எல்லாரும் கவனிக்கிறார்கள், கிண்டலும் செய்கிறார்கள். மூன்றாவது வழியை யாரும் கவனிப்பதில்லை, உடம்பைத் தொடுவது அதுதான்.

ஊட்டி வர்க்கியை எடுத்துக்கொள்ளலாம். மைதா, சர்க்கரை, உப்பு, புளிக்க வைக்கும் மாவா, அப்புறம் கொழுப்பு. மாவை மடித்து மடித்து அடுக்காக்கி விறகு அடுப்பில் சுடுவது. அடுக்குக்கு அடுக்கு பிரிந்து பொரபொரவென்று உதிர்வதற்குக் காரணமே இடையில் இருக்கும் கொழுப்புதான், அது நெய்யாக இருக்கலாம், வனஸ்பதியாக இருக்கலாம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. நெய் வர்க்கியைப் பிய்த்தால் விரலில் மணம் நிற்கும், வாயில் போட்டதும் கரையும். வனஸ்பதி வர்க்கி மேலண்ணத்தில் ஒரு பூச்சு மாதிரி ஒட்டும். டீயில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு மீதி டீயை ஊட்டிக் குளிரில் ஐந்து நிமிஷம் விட்டால் மேலே மெல்லிய படலம் படியும், அதைப் பார்த்தாலே தெரியும். வர்க்கிக்காரர் நிலைமையும் பாவம்தான். கிலோவுக்கு இருபது ரூபாய் ஏற்றினால் சுற்றுலா வருகிறவர் கவனிக்கவே மாட்டார், ஆனால் தினமும் காலையில் நாலு வர்க்கி வாங்கும் உள்ளூர்க்காரர் நின்றுவிடுவார். விலை அப்படியே இருக்கும், கொழுப்பு மாறும்.

வனஸ்பதியில் என்ன பிரச்சினை என்றால், திரவ எண்ணெயைக் கெட்டியாக்கும் முறையில் டிரான்ஸ் கொழுப்பு என்ற ஒன்று உண்டாகிறது. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்ல கொலஸ்ட்ராலை இறக்கும் கொழுப்பு அது. 2022 ஜனவரியில் இருந்து எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் அந்த இடத்தைப் பெரும்பாலும் பாமாயிலில் இருந்து செய்த கெட்டிக் கொழுப்பு பிடித்துக்கொண்டது, பாமாயிலில் சுமார் பாதி நிறைவுற்ற கொழுப்பு.

அதே ஆணையத்தின் இன்னொரு விதி, பொரித்த எண்ணெயைப் பற்றியது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது, 2018 ஜூலையில் இருந்து இது அமலில் இருக்கிறது. எண்ணெய் விலை ஏறும்போது இந்த விதி எந்தக் கடையில் முதலில் மீறப்படும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. தேயிலைத்தூளும் அப்படித்தான். தேயிலை விளையும் மாவட்டத்திலேயே பயன்படுத்திய தூளுக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள் என்று சோதனையும் பறிமுதலும் நடக்கின்றன. கலப்படத்துக்கு ரெப்போ ரேட் காரணம் என்று சொன்னால் அது அபத்தம், அது பேராசையும் கண்காணிப்புக் குறைவும். ஆனால் செலவு ஏறும் காலத்தில் அந்தப் பேராசைக்கு லாபம் கூடுகிறது, அது உண்மை.

குறியீட்டெண்ணுக்குத் தெரியாத விஷயம்

இங்கே ஒரு முக்கியமான ஓட்டை இருக்கிறது. குறியீட்டெண்ணின் பட்டியல் நிலையானது. வருஷக்கணக்கில் ஒரே பட்டியல், ஒரே எடை. வீட்டில் முட்டையை விட்டுவிட்டு பிஸ்கட்டுக்கு மாறிவிட்டாலும் அது பழைய எடைக்கே முட்டை விலையைக் கேட்டுக்கொண்டிருக்கும். விலை எவ்வளவு ஏறியது என்று சொல்லும், அதற்காக நாம் எதை விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லாது. அது தெரிய வேண்டுமென்றால் வீட்டுச் செலவு ஆய்வைப் பார்க்க வேண்டும். 2022-23 ஆய்வில் கிராமத்து வீட்டுச் செலவில் உணவு சுமார் 46 சதவீதம். அந்த உணவுச் செலவுக்குள் எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கு தானியத்துக்கும் பாலுக்கும் போகவில்லை, பானங்கள், பதப்படுத்திய உணவு, வெளிச்சாப்பாடு என்ற பிரிவுக்குப் போயிருக்கிறது. இதற்கு விலைவாசி மட்டும் காரணமில்லை, வேலை நேரம், விளம்பரம், பிள்ளைகளின் நாக்கு எல்லாம் சேர்ந்ததுதான்.

சதவீதங்கள் நன்றாக இருக்கும்போதுகூட ஏமாறலாம். 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம், உணவை மட்டும் பார்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே. காய்கறி மலிந்திருந்தது. அதே மாதத்தில் எண்ணெய், கொழுப்பு வகைகள் முந்தைய வருஷத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தன.

வருமானப் பக்கத்தையும் பார்க்க வேண்டும், விலையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பச்சைத் தேயிலைக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் விலை அறிவிக்கிறது. 1990-களின் கடைசியில் கிலோவுக்கு 18 ரூபாய் வரை பார்த்த சிறு விவசாயிகள் 2023-லும் பல மாதம் அந்த அளவைச் சுற்றியேதான் வாங்கினார்கள். கிலோவுக்கு 33.50 ரூபாய் வேண்டும் என்று கோத்தகிரிப் பக்கம் போராட்டம் நடந்தது அந்த வருஷம்தான். இருபத்தைந்து வருஷத்தில் அரிசி, உரம், பறிக்கும் கூலி எல்லாம் எத்தனை மடங்கு ஏறியது என்று எல்லாருக்கும் தெரியும். பணவீக்கம் 4 சதவீதத்தில் சமர்த்தாக நின்றால்கூட வருமானம் நகராதவருக்கு அது வருஷா வருஷம் வரும் சம்பள வெட்டு.

உடம்பில் என்ன ஆகிறது

அரிசி, மைதா, சர்க்கரை, பாமாயில் நாலும் சேர்ந்தால் மிகக் குறைந்த செலவில் வயிறு நிறையும், தெம்பும் வரும். கிடைக்காமல் போவது இரும்புச்சத்து, பி12, துத்தநாகம், சுண்ணாம்புச்சத்து, நல்ல புரதம். வயிறு நிறைந்தும் இவை பற்றாமல் போவதை நுண்ணூட்டக் குறைபாடு என்பார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்துக்கும் ரத்தசோகை. பட்டினி கிடக்கும் மாநிலம் இல்லை இது, கிட்டத்தட்ட எல்லாக் கார்டுக்கும் அரிசி தரும் மாநிலம்.

இன்னொரு பக்கம் சர்க்கரை நோய். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் பத்து கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது என்றது. ஒரே வீட்டில் அம்மாவுக்கு ரத்தசோகையும் அப்பாவுக்குச் சர்க்கரையும் இருப்பது இப்போது சாதாரணம், இரண்டுக்கும் ஒரே தட்டு காரணமாக இருக்கலாம். ஆனால் இதற்குப் பரம்பரை, உடலுழைப்பு குறைந்தது, தூக்கம், வயது என்று பல காரணங்கள் உண்டு. விலைவாசி அதில் ஒன்று, தட்டை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பதில் அதற்குப் பங்கு உண்டு. வாட்ஸ்அப் செய்தி சொல்வது மாதிரி நோட்டு அடித்ததால் சுகர் வந்தது என்றால் டாக்டரும் சிரிப்பார், பொருளாதாரம் படித்தவரும் சிரிப்பார்.

இதுவரை வந்த வழி: வட்டி தவணையைத் தொடுகிறது, டாலர் எண்ணெயைத் தொடுகிறது, இரண்டும் சேர்ந்து வீட்டிலும் கடையிலும் மலிவான பொருளுக்கு மாற வைக்கின்றன, அந்த மாற்றம் வருஷங்கள் கழித்து ரத்தப் பரிசோதனையில் தெரிகிறது.

வட்டி இறங்கினால் பழைய தட்டு திரும்புமா?

2025-ல் ரெப்போ ரேட்டை 6.5-ல் இருந்து படிப்படியாக 5.25-க்கு இறக்கினார்கள். தவணை கொஞ்சம் குறைந்திருக்கும், பல வீடுகளில் அதுவும் நீட்டிய வருஷங்களைச் சுருக்குவதில் போயிருக்கும். வனஸ்பதிக்கு மாறிய அடுப்பு நெய்க்குத் திரும்பாது, வாங்குகிறவர் நாக்கு பழகிவிட்டது. இளைத்த பாக்கெட் பெரும்பாலும் தடிப்பதில்லை. மாலையில் சுண்டலுக்குப் பதில் நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்குப் பணம் வந்ததும் சுண்டல் பிடித்துவிடாது. இறங்குவது சுலபம், ஏறுவது கஷ்டம் என்பதால்தான் பணவீக்கத்தை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும் என்கிறேன், அந்த அளவில் ரிசர்வ் வங்கியின் வேலை சாப்பாட்டுக்கும் முக்கியம்.

ஆனால் தட்டின் தரத்தை நேரடியாகப் பிடித்து நிறுத்துவது வேறு கைகள். வரி, மானியம், ரேஷன், சத்துணவு எல்லாம் அரசின் நிதிக் கொள்கை, ரிசர்வ் வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சந்தையில் துவரம்பருப்பு என்ன விலை விற்றாலும் ரேஷனில் கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஏழைக் குடும்பத்தைப் பணவீக்கத்தில் இருந்து காப்பாற்றுவதில் எந்த ரெப்போ ரேட்டும் இதற்குப் பக்கத்தில் வராது. சத்துணவு முட்டையும் அப்படியே, நாமக்கல்லில் விலை ஏறினாலும் பிள்ளையின் தட்டில் முட்டை விழும். எனக்கு இருக்கும் ஒரே குறை, மலிவாகக் கொடுக்கிற எண்ணெயும் பாமாயிலாகவே இருக்கிறது என்பது. இதைச் சொன்னால் ரேஷனை ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

2023 மே மாதத்தில் இருந்து நீலகிரியிலும் தருமபுரியிலும் சோதனை முயற்சியாக ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். ராகியும் சாமையும் ஒருகாலத்தில் இந்த மலையிலேயே விளைந்தவைதான், தேயிலையும் காய்கறியும் வந்து அந்த நிலத்தை எடுத்துக்கொண்டன. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து, தீட்டிய அரிசியில் 10 அளவில். டாலர் எங்கே போனாலும், ரிசர்வ் வங்கிக் குழு வட்டியை என்ன செய்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. உங்கள் கார்டுக்குக் கேழ்வரகு வருகிறதா என்று அடுத்த முறை ரேஷன் கடைக்குப் போகும்போது கேளுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் அரிசியையே அளந்து கொடுத்துவிடுவார்கள்.